சுபத்திரா கேட்காமல் விட்ட நிறுத்தம்

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது. வயதான வெள்ளைக்காரர் ஒருவரின் குரல். "சூ இறந்துவிட்டாள், உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது" என்றார். சூ என்று எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் மறுபடியும் மணி. இந்த முறை ஸ்கார்பரோவின் வெக்ஸ்போர்ட்டிலிருந்து சிவகுமார். "கலா அக்கா, அக்கா மோசம் போயிட்டா" என்றான். நான் மதுரைக்காரி. எங்கள் பக்கத்தில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. மறுபடியும் ஏதோ குதிரை விவகாரம், யாரோ அவளை ஏய்த்துவிட்டார்கள் என்று எண்ணி, "யாரு ஏமாத்தினாங்க, சிவா?" என்று கேட்டேன். மறுமுனையில் அவன் அழத் தொடங்கினான். அப்போதுதான் இரண்டு அழைப்புகளும் ஒரே செய்தி என்று புரிந்தது. அவனுடைய அக்கா சுபத்திராவை அவள் குதிரை பழக்கிய லாயத்தில் எல்லாரும் சூ என்றுதான் கூப்பிடுவார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சிவா கேட்டபோது தயங்கினேன். "அக்கா என்ன செய்துகொண்டு திரிஞ்சவ எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் கூடப் போய்ப் பாத்தனீங்கள். நீங்கள் எழுதினால் விளங்கும்" என்றான். பார்த்தேன் என்பது உண்மை. விளங்கியதா என்பது வேறு விஷயம். இதை வாசிக்கப்போகும் உங்களில் பலர் அவளுடைய உறவினர்கள். வெக்ஸ்போர்ட்டில் அவளோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்தவர்கள். இருந்தாலும் சில செய்திகளை முதலில் சரிசெய்துவிட வேண்டும். அவள் குதிரையிலிருந்து விழுந்து சாகவில்லை. காய்கறிக் கடைக்கு வெளியே கார்கள் நிற்கும் இடத்தில், கையில் பையோடு மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. யாருக்கும் எங்கேயும் நடந்திருக்கக்கூடியது என்றார் மருத்துவர். ஆனால் இறுதிச் சடங்கு மண்டபத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி ஒருவர், "குதிரை மிதிச்சுப் போட்டுதாம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர், "ரேஸில காசு கட்டுறவவாம்" என்றார். சர்க்கஸ் என்றும் ஒரு குரல் கேட்டது. திரும்பி இரண்டு பேருக்கு விளக்கினேன். மூன்றாமவருக்கு விளக்க என்னிடம் தெம்பில்லை. அதை இங்கே செய்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மார்க்கம் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் நானும் அவளும் அடுத்தடுத்த மேசை. மென்பொருளில் பிழை தேடுவது எங்கள் வேலை. யூனியன்வில்லிலிருந்து என் கணவர் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். அவள் துருப்பிடித்த பிக்கப் வண்டியில் வந்து இறங்குவாள். ஸ்வெட்டரில் வைக்கோல் ஒட்டியிருக்கும். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீர் தமிழோ? வாரும், இதில இரும்" என்றாள். 'நீர்' என்ற சொல்லை நாடகத்தில் ராஜாக்கள் பேசித்தான் கேட்டிருக்கிறேன். இவள் கோபமாக இருக்கிறாளா, மரியாதை காட்டுகிறாளா என்று தெரியாமல் அன்று முழுவதும் தள்ளியே இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சிநேகிதிகள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று பிறகு தெரிந்தது. பதினேழு வயதில் தம்பியோடு அகதியாக வந்தவள். வடக்கே ஒரு சிற்றூர்த் தேவாலயத்தார் பொறுப்பேற்று, இருவரையும் ஒரு பண்ணை வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே குதிரைகள் இருந்தன. "தம்பி ரீவிக்கு முன்னால இருந்து இங்கிலீஷ் படிச்சான். நான் லாயத்துக்குள்ள படிச்சன். அங்க ஒருத்தரும் என்ர உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கேல்லை" என்பாள். தம்பிக்கு ஸ்கார்பரோவில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தாள். ஆனால் காலையில் வடக்கே ஓட்டிப்போய்க் குதிரை ஏறிவிட்டுத்தான் அலுவலகம் வருவாள்.

அவள் செய்ததன் பெயர் ரெய்னிங். பந்தயம் அல்ல, வேலி தாண்டுவதும் அல்ல. கவ்பாய் தொப்பியும், கால்சட்டைக்கு மேலே கட்டும் தோல் காலுறையும் அணிந்து, மண் பரப்பிய அரங்கில் ஒவ்வொருவராகத் தனியே குதிரையோடு வருவார்கள். பெரிய வட்டம் வேகமாக, சின்ன வட்டம் மெதுவாக. நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுழற்சி. முழு வேகத்தில் ஓடிவந்து, பின்னங்கால்களை மடித்து, மண்ணில் சறுக்கிக்கொண்டே நிற்பது. நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். இத்தனையும் கடிவாள வார் தளர்ந்து தொங்கும்போது நடக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் மதிப்பெண் போய்விடும். நான் முதல் தடவை பார்க்கப் போனபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. குதிரை தானாகவே எல்லாம் செய்வது போலவும், அவள் சும்மா உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. அதைச் சொன்னேன். இத்தனை சந்தோஷமாக அவள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "உப்பிடித்தான் நடுவரும் நினைக்க வேணும்" என்றாள்.

இந்த விளையாட்டில் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று போட்டி இல்லை. எல்லாரும் ஒன்றாகத்தான். ஆனால் இரண்டு பிரிவு உண்டு. பணம் வாங்கிப் பிறர் குதிரையைப் பழக்காதவர்களுக்கு ஒன்று. தொழிலாகவே செய்பவர்கள் மோதும் திறந்த பிரிவு இன்னொன்று. முதல் பிரிவில் பெண்கள் தாராளமாக வென்றுகொண்டிருந்தார்கள். சுபத்திராவும் இரண்டு கோடைகள் வென்றாள். திறந்த பிரிவில் மேலே போகப் போகப் பெண்களின் பெயர் குறைந்துகொண்டே வந்தது. உச்சியில் ஏறக்குறைய இல்லை. "உடம்பு பலம் வேணுமா?" என்று ஒரு மதிய உணவு வேளையில் கேட்டேன். அவள் தன் கைப்பையின் வாரை என் இரண்டு விரல்களில் மாட்டிவிட்டு, "இவ்வளவுதான் பலம். இதுக்கு மேல பிடிச்சால் பிழை" என்றாள். "அப்புறம் ஏன் பொம்பளைங்க ஜெயிக்கிறதில்லை?" என்றேன். "குதிரைக்கு நான் பொம்பிளை எண்டு தெரியாது, கலா. குதிரையின்ர சொந்தக்காரனுக்குத் தெரியும். நல்ல குதிரையை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு அவன்தானே முடிவெடுக்கிறான்."

அந்த ஆண்டுக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். பணம் வாங்கிக் குதிரை பழக்க ஆரம்பித்தால், வென்றுகொண்டிருந்த பிரிவுக்குத் திரும்ப முடியாது. எங்கள் மேலாளரிலிருந்து சிவா வரை எல்லாரும் தடுத்தார்கள். சிவா என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்கோ, அக்கா. மெடிக்கல், டென்ரல் எல்லாம் உள்ள வேலை" என்று கெஞ்சினான். நான் சொல்லிப் பார்த்தேன். "அங்க வெல்லுறது எனக்குத் தெரிஞ்ச கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யிற மாதிரி" என்றாள். துணிச்சலா திமிரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

அதற்குப் பிறகான காலம் அவள் சொன்னபடியே நடந்தது. சொந்தக்காரர்கள் இளம் குதிரைகளை அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவள் சேணம் ஏற்றிப் பழக்கி, சுழலவும் சறுக்கவும் கற்றுக்கொடுப்பாள். குதிரை தேறியதும் போட்டிக்கென்று ஒரு ஆண் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்விடுவார்கள். வால்டர் என்ற கிழவரின் செந்நிறப் பெண் குதிரையும் அப்படித்தான் போனது. பதிவேட்டில் நீளமான ஆங்கிலப் பெயர். சுபத்திரா அதைச் சிவப்பி என்று கூப்பிடுவாள். அது போனது டேலிடம். எங்கள் மாகாணத்தில் பெரிய பெயர் எடுத்தவர். வால்டர் கெட்டவர் அல்ல. குதிரையை ஏற்றிக்கொண்டு போகும்போது, "சூ, நீ அற்புதமாகச் செய்திருக்கிறாய், இனி இவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்" என்று உண்மையான நன்றியோடு கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போன பிறகு அவள் என்னைப் பார்த்து, "அவர் என்ன சொன்னவர் எண்டு அவருக்கே விளங்கேல்லை, பாத்தீரோ?" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் சிவப்பி திரும்பி வந்தது. டேலிடம் அது ஒத்துப்போகவில்லை. காதைப் பின்னால் ஒடுக்கி, வாலை அடித்துக்கொண்டு, நிற்கச் சொன்னால் நிற்காமல் முரண்டு பிடித்தது. "கெட்டுப்போய்விட்டது, முடிந்ததைச் செய்" என்று வால்டர் விட்டுவிட்டுப் போனார். சில வாரங்கள் சுபத்திரா அதற்கு எதையுமே பழக்கவில்லை. வயல் ஓரமாக நடத்திக்கொண்டு போவாள், வருவாள். ஏன் என்று கேட்டேன். "இவளுக்கு ஒண்டும் மறக்கேல்லை. கோவம். கோவம் ஆறட்டும்" என்றாள். கோடை முடிவதற்குள் சிவப்பி மறுபடியும் தளர்ந்த வாரில் சுழன்றது. செப்டம்பரில் நடந்த பெரிய போட்டியில் திறந்த பிரிவின் இறுதிச் சுற்றுக்கு அவளும் சிவப்பியும் தகுதி பெற்றார்கள்.

போட்டி நடந்த சனிக்கிழமை நானும் போயிருந்தேன். இறுதிச் சுற்றில் கடைசிக்கு முன்னால் அவள் வந்தாள். எனக்கு அதற்குள் கொஞ்சம் பார்க்கத் தெரிந்திருந்தது. சறுக்கி நின்றபோது பக்கத்தில் இருந்த பெண் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்; அவளும் ஒரு சவாரிக்காரி. மதிப்பெண் அறிவித்ததும் கூட்டம் எழுந்து நின்றது. பிறகு வேறொரு குதிரையில் டேல் வந்தார். அவருக்கும் அதே மதிப்பெண். முதலிடத்தில் இருவர்.

இருவரும் சம்மதித்தால் வெற்றியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் மறுத்தாலும் மறுபடியும் ஓட வேண்டும். டேல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். "பகிர்ந்துகொள்வோம், சூ. இது உனக்கு உரியது" என்றார். வால்டரும் தலையசைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுபத்திரா நன்றி சொன்னாள், ஓடுகிறேன் என்றாள். நான் வேலி ஓரமாக ஓடிப்போய், "சுபா, பகிர்ந்துக்கோயேன்! அதுவும் முதலிடம்தானே?" என்றேன். அவள் குனிந்து சேணவாரை இறுக்கிக்கொண்டே, "டேல் தந்த பங்கு எண்டுதான் கதைப்பினம். விடும், ஓடிப் பாப்பம்" என்றாள்.

டேல் முதலில் ஓடினார். அவருடைய குதிரை களைத்திருந்தது. சுழற்சியில் அளவு மீறிச் சுழன்று மதிப்பெண் இழந்தது. சுபத்திரா பிழையில்லாமல் ஓடினாலே போதும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வட்டங்கள் நன்றாக வந்தன. சுழற்சிகள் முன்னைவிட நன்றாக வந்தன. மிச்சம் இருந்தது கடைசி ஓட்டமும் கடைசி நிறுத்தமும். அரங்கின் கோடியிலிருந்து சிவப்பி நீண்டு ஓடிவந்தது. நிற்கச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவள் சொல்லவில்லை. குதிரையின் வேகம் மெல்லக் குறைந்தது. பாய்ச்சல் துள்ளலாகி, துள்ளல் நடையாகி, நின்றது. சுபத்திரா இறங்கினாள். வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, குதிரையை நடத்திக்கொண்டு வெளியே போனாள். என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. முடிக்காத ஓட்டத்துக்கு விதிப்படி பூஜ்யம். ஒலிபெருக்கியில் அதைச் சொன்னவருடைய குரலே தடுமாறியது.

"வலது பின்கால். நோகுது" என்றாள் வால்டரிடம். குதிரை மருத்துவர் வந்தார். காலைத் தடவினார், மடக்கினார், ஓடவிட்டுப் பார்த்தார். சிவப்பி அழகாக ஓடிக்காட்டியது. குறை எதுவும் தெரியவில்லை என்றார். அடுத்த வாரம் வால்டரின் வண்டி வந்து சிவப்பியை மறுபடி டேலிடம் கொண்டுபோனது.

ஆண்கள் பேசியது எதிர்பார்த்ததுதான்: கடைசி நேரத்தில் பெண்களுக்கு நெஞ்சுரம் போய்விடுகிறது என்றார்கள். என் தோளைப் பிடித்துக் குலுக்கிய பெண் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவள் எங்களைப் பத்து வருஷம் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். இனி எந்தச் சொந்தக்காரன் ஒரு பெண்ணிடம் குதிரை கொடுப்பான்?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சுபத்திராவிடம் சொன்னேன். "ஒரு ஆம்பிளை நிப்பாட்டியிருந்தால், குதிரையை அறிஞ்சவன் எண்டிருப்பினம். நான் நிப்பாட்டினதால பொம்பிளை" என்றாள். "உனக்கு நிச்சயமா தெரியுமா, வலிச்சுதுன்னு?" என்று கேட்டேன். "எனக்குக் கீழ அது ஒருக்காத் தயங்கினது. அதுதான் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் மறைந்துவிடவில்லை. சிறிய லாயம் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். சொந்தக் குதிரை வைத்திருந்த சில பெண்கள், ஆண்களும் கூட, அவளிடமே போட்டிக்கும் விட்டார்கள். மறுபடி இறுதிச் சுற்றுக்கு வந்தாள். ஒரு முறை மூன்றாம் இடம். முதலிடம் வரவில்லை. "வெல்லுவனோ தெரியாது. வெல்லமாட்டன் எண்டு சொல்லுறதுக்கும் ஒருத்தரிட்டயும் காரணம் இல்லை" என்று போன குளிர்காலத்தில் கூடச் சொன்னாள்.

இறுதிச் சடங்குக்கு லாயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தேவாரம் பாடி முடியும் வரை சுவர் ஓரமாக நின்றார்கள். வால்டர் என்னிடம் வந்து, "திங்கட்கிழமை உங்களுக்கு நான்தான் பேசினேன். அவளுடைய முழுப் பெயர் என் வாயில் நுழையவில்லை" என்றார். டேல் அவருக்குப் பின்னால் நின்றார். வெளியே வந்தபோது என்னிடம், தானாகவே, சிவப்பியைப் பற்றிச் சொன்னார். அந்தப் போட்டிக்கு அடுத்த குளிர்காலத்தில் அது வலது பின்காலில் நொண்டத் தொடங்கியதாம். எலும்பில் விரிசல். அன்றைக்கே இருந்ததா, தன்னிடம் வந்த பிறகு ஏற்பட்டதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லையாம். "அன்று நான் ஏறியிருந்தால் அந்தக் கடைசி நிறுத்தத்தைக் குதிரையிடம் கேட்டிருப்பேன்" என்றார். "அதனால்தான் நீங்கள் ஜெயிக்கிறீர்களா?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். அவர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியவில்லை. அவள் உணர்ந்ததை நான் உணர்ந்தே இருக்கமாட்டேனோ என்றுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

ஒரு பெண் அந்த உச்சியில் வெல்ல முடியுமா என்று சிவா என்னைக் கேட்டான். நான் பார்த்ததைச் சொன்னேன். யாருடைய இரக்கமும் இல்லாமல், ஒரு சனிக்கிழமை மதியம், உன் அக்கா முதலிடத்தில் சமமாக நின்றாள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வருகிறது, மறுநாள் அது பிடிக்காமல் போகிறது. ஆகவே பதிலை விட்டுவிட்டு, அன்று வீடு திரும்பிய வழியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

அவளுடைய பிக்கப்பில் வந்தோம். நெடுஞ்சாலையில் ஏறியதும், "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். "ஓம். நல்ல வருத்தம்" என்றாள். "அப்ப தப்புப் பண்ணிட்டோம்னு தோணுதா?" "இல்லை." இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "பசிக்குது கலா" என்று சொல்லி ஒரு காபிக் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். தொப்பி, தோல் காலுறை, முழங்கால் வரை மண், அப்படியே உள்ளே போனாள். கல்லாவில் நின்றவர் நம்மவர். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி தமிழோ? உது என்ன வேஷம்?" என்றார்.

சுபத்திரா மெனுப் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேஷமில்லை அண்ணை, வேலை உடுப்பு" என்றாள். பிறகு இரண்டு டோனட் கேட்டாள், இரண்டும் தனக்கே.